சங்கு ஊதும் அதிகாரம்

ஆழிக்குப்பம் கடற்கரையில் அணுமின் நிலையம் இருந்தது. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் சுற்றுக் கிராமங்களை உஷார்ப்படுத்துகிற ஆபத்துச் சங்கும் அங்கேதான், தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருந்தது. அதை ஊதுகிற பொத்தான் மட்டும் நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி, திருவண்ணாமலை வேங்கிக்காலில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஆலையில் ஷிஃப்டில் இருந்த ஒருவர், குழாயில் ஆவி கசிகிறதென்று பயந்து சங்கை ஊதிவிட்டார். அன்றைக்குப் பார்த்து ஆலையில் விழா. மேடையில் இருந்த பெரிய மனிதர் கழுத்து மாலையோடு ஓடிப்போய் வேனில் ஏறியது படத்தோடு வெளியாகிவிட்டது. ஆவி கசிந்ததை விசாரிக்க ஒரு குழு, அவர் ஓடியதை விசாரிக்க ஒரு குழு என்று இரண்டு குழு போட்டார்கள். இரண்டாவது குழுதான் முதலில் அறிக்கை கொடுத்தது. ஆபத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பதறுவார்கள். ஆகவே சங்கு ஊதும் அதிகாரம் ஆபத்துக்குத் தூரத்தில் இருப்பவர்களிடம் இருக்க வேண்டும் என்றது அது. எவ்வளவு தூரம் என்பதை அப்போதைய தலைமை அதிகாரி முடிவு செய்தார். அவர் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவர். அவசரத் தகவல் ஒருங்கிணைப்பு மையம் வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

வர்த்தமானனுக்கு இந்தக் கதையெல்லாம் அவர் மகள் சுருதி சொல்லித் தெரியும். அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம், தமிழ்ச் சமணர்களான நயினார்கள் வாழும் ஒரு ஊரில் மூன்று ஏக்கர் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கொஞ்சம் நெல்லும் பார்க்கிறவர். ஒரே மகள். அவள் ஆழிக்குப்பம் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வழக்கத்தை ஷிஃப்ட் வேலையிலும் விடவில்லை. அஞ்சு மணிக்கே டிபன் டப்பாவைத் திறக்கிறவள் என்று ஆலையில் அவளுக்குப் பேர்.

லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் அந்த அறையின் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

"செவுத்துல அறுநூத்திப் பன்னெண்டு வெளக்குப்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அலாரம். ஏசி ஃபில்டர் அழுக்கானாலும் கத்தும், பம்பு நின்னாலும் கத்தும். ரெண்டும் ஒரே சத்தம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ அமுத்தி அமுத்தி நிறுத்தறோம். எது நெஜம்னு ஒருநாள் தெரியாமப் போயிடும்."

"மேல எழுதிப் போடேம்மா."

எழுதிப் போட்டாள். முக்கியமான அலாரங்களுக்கு வேறு சத்தம் வைக்க வேண்டும், தேவையில்லாததை நிறுத்த வேண்டும் என்று நாலு பக்கம் எழுதினாள். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவளுடைய கடிதத்தை ஒலி மாசுக் கட்டுப்பாட்டு உபகுழு பரிவோடு பரிசீலித்ததாகவும், ஊழியர்களின் செவி நலம் கருதி எல்லா ஒலிபெருக்கிகளிலும் பஞ்சு வைக்க உத்தரவிட்டிருப்பதாகவும் அதில் இருந்தது. கூடவே சுவரில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் வைத்திருந்தார்கள். 'பதற்றம் தவிர்ப்போம்.'

அவள் அதைப் படித்துக் காட்டியபோது அம்மா குணமதி சிரித்தாள். வர்த்தமானனும் சிரித்தார். சுருதியும்தான் சிரித்தாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. வயல் மோட்டார் காயில் எரிந்துபோய், புதுசாகக் கட்டுவதற்காக வேங்கிக்காலில் ஒரு ஒயிண்டிங் கடைக்கு எடுத்து வந்திருந்தார் வர்த்தமானன். பத்தே முக்காலுக்கு போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அப்பா, நாந்தான். கேன்டீன் போன்லேர்ந்து பேசறேன்."

கட்டுப்பாட்டு அறையில் மூன்று போன் உண்டு. சிவப்பு போன் வேங்கிக்கால் மையத்துக்கு. நீல போன் மேலதிகாரிக்கு. கறுப்பு போன் டீ சொல்வதற்கு. வெளியூருக்குப் பேச முடிவது இந்தக் கறுப்பு போனில் மட்டும்தான்.

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது. பஞ்சு வைத்த நூற்றுக்கணக்கான அலாரங்கள் ஒரே சமயத்தில் முனகுகிற இரைச்சல்.

"என்னாம்மா சத்தம் அது?"

"நான் சொல்றதக் கேளுப்பா, நேரம் கம்மி. பம்பு ரூம்ல குழாய் வெடிச்சிடுச்சு. கேபிள் பத்திக்கிச்சு. உலைய நிறுத்திட்டோம், ஆனா கதிர்வீச்சு கொஞ்சம் காத்துல வெளிய போவுது. காத்து தெக்க அடிக்குது, குப்பத்துப் பக்கமா. அங்க பள்ளிக்கூடம் நடக்குது. பசங்க வெளிய வெளையாடிட்டு இருப்பாங்க. சங்கு ஊதினா எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போய் கதவ சாத்துவாங்க. பதினஞ்சு நிமிஷமா செவப்பு போன்ல நிக்கிறேன், ஊத மாட்டேங்கறாங்க. நீ எங்க இருக்க?"

"வேங்கிக்கால்லதாம்மா."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விட்டாள். "அந்தக் கட்டடத்த உனக்குக் காட்டியிருக்கேன் இல்ல? அங்க போப்பா. நேர்ல போய்ச் சொல்லு. சங்க ஊதச் சொல்லு."

"நீ மொதல்ல வெளிய வந்துடு கண்ணு. நான் போய்ச் சொல்றேன்."

"நான் வந்தா லைன் கட்டாயிடும்பா. கட்டானா மறுபடி மொதல்லேர்ந்து கேப்பாங்க. நீ போ. இந்தப் போனக் கட் பண்ணாத."

மோட்டாரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வர்த்தமானன் வண்டியை எடுத்தார். சட்டைப் பையில் போன் பேசிக்கொண்டே இருந்தது. ஏழு நிமிஷத்தில் மையத்தின் வாசலுக்கு வந்துவிட்டார்.

வாசல் கூண்டில் சக்கரவர்த்தி என்ற காவலாளி உட்கார்ந்திருந்தார். பெரிய நோட்டு ஒன்றைத் திருப்பி வைத்தார்.

"பேரு, அப்பா பேரு, வண்டி நம்பர், யாரப் பாக்கணும், எதுக்குப் பாக்கணும்."

"ஐயா, ஆழிக்குப்பம் ஆலையில நெருப்புங்க. எம் பொண்ணு உள்ள இருக்கா. சங்கு ஊதணும்."

"எதுக்குப் பாக்கணும்ங்கற எடத்துல அதையே எழுதுங்க."

எழுதினார். அவசரத்தில் எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது.

"போனக் குடுத்துட்டுப் போங்க. உள்ள செல்போன் கூடாது. தகவல் பாதுகாப்பு."

"எம் பொண்ணு லைன்ல இருக்காங்க. இங்க பாருங்க, பேசிட்டு இருக்கா."

சக்கரவர்த்தி போனைப் பார்த்தார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "போன வாரந்தான் பெரியவரே மெமோ வாங்கினேன். ஒரு அதிகாரியோட மச்சினனப் போனோட விட்டுட்டேன்னு. குடுங்க. நான் கட் பண்ண மாட்டேன். அப்படியே வெக்கறேன்."

வர்த்தமானன் போனைக் காதில் வைத்து, "அம்மாடி, போனை வாசல்ல வாங்கி வெக்கறாங்க. நான் உள்ள போய்ச் சொல்லிட்டு ஓடியாந்துடறேன்" என்றார்.

"சரிப்பா. சீக்கிரம்."

பதினேழாம் நம்பர் டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

தரைத்தளத்தில் தொலைபேசி அறை. சிவப்பு போனுக்கு முன்னால் சந்திரம்மாள் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்த ஊழியர். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சுவர் முழுக்க ஆலையில் இருப்பது போலவே அறுநூற்றுப் பன்னிரண்டு விளக்குகள். எல்லாமே எரிந்தன. சுவரின் மூலையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டிக்குள் பச்சைப் பொத்தான்.

"அம்மா, அந்தப் பக்கம் பேசறது எம் பொண்ணு. ஏம்மா ஊத மாட்டேங்கறீங்க?"

"படிவம் இல்ல சார்," என்றாள் சந்திரம்மாள். "ஒத்திகைன்னா மஞ்சப் படிவம். உண்மைன்னா செவப்புப் படிவம். ஒன்பது வருஷமா ஒத்திகைதான் நடந்திச்சு, செவப்ப யாரும் அச்சடிக்கல. மஞ்சள்ல எழுதினா அது ஒத்திகை ஆயிடும், சங்கு ஊதக் கூடாது. மஞ்சளச் செவப்பா ஏத்துக்கலாம்னு துணை ஒருங்கிணைப்பாளர் எழுதிக் குடுத்தாதான் ஒப்புகை எண் போட முடியும். ஒப்புகை எண் இல்லாம ஊதினா எனக்கு வேல போயிடும் சார். ஆனா நான் மூணு தடவ போய்க் கேட்டுட்டேன் சார்."

துணை ஒருங்கிணைப்பாளர் அறிவுச்செல்வன் அடுத்த அறையில் இருந்தார். நல்ல மனிதர். வர்த்தமானனை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"உங்க பொண்ணு ஆலையிலேர்ந்து நேரா உங்களுக்கே போன் பண்ணாங்களா?"

"ஆமாங்க. சங்கு..."

"அதுதான் சிக்கல். சிவப்பு போன்ல வந்தா அது தகவல். வெளியாள் மூலமா வந்தா அது வதந்தி. தகவல் என் பிரிவு. வதந்தி ரெண்டாவது மாடி."

"ரெண்டு வழியாவும் வருதுங்களே ஐயா. பக்கத்து ரூம்ல அந்தம்மா காதுல இருக்குதே."

"அது தகவலா இல்லையான்னு முடிவாகல. படிவம் வரல பாருங்க." அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். "எதுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுங்க. வாய்மொழியா என்னால எதுவும் செய்ய முடியாது."

வர்த்தமானன் எழுதினார். 'ஐயா, ஆழிக்குப்பத்தில் நெருப்பு. சங்கு ஊதவும். குழந்தைகள் இருக்கிறார்கள். என் மகள் உள்ளே இருக்கிறாள்.' அறிவுச்செல்வன் வாங்கிப் படித்து, பெறுநர் முகவரி இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அதையும் எழுதினார். அறிவுச்செல்வன் முறைப்படி அதன் நகலை இரண்டாவது மாடிக்கு அனுப்பிவைத்தார்.

மையத்திலேயே ஆள் பற்றாக்குறை இல்லாத பிரிவு வதந்திக் கட்டுப்பாட்டுப் பிரிவுதான். நாலே நிமிஷத்தில் வேலையை முடித்தார்கள். ஆழிக்குப்பத்தில் எந்த அசம்பாவிதமும் இல்லை, பொதுமக்கள் வழக்கம்போல் வெளியே நடமாடலாம் என்ற மறுப்புச் செய்தி எல்லாப் பத்திரிகைக்கும், எல்லா போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் அச்சுப்பிரதி ஒன்று மனுதாரருக்கான பதிலாக வர்த்தமானன் கைக்கும் வந்தது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "பெரிய ஐயா யாருங்க? அவரப் பாக்கணும்" என்றார்.

"கூட்டத்துல இருக்காரு."

கூட்ட அறை எதிரில்தான். யாரும் தடுப்பதற்கு முன்னால் வர்த்தமானன் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நீள மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் இருந்தார்கள். சிவப்பு போனில் காத்திருப்பவர்களுக்கு என்ன இசை போடுவது என்ற பொருள் மேல் விவாதம். நாதஸ்வரம் மங்கலமானது என்றார்கள் சிலர். அவசர நேரத்தில் வீணைதான் மனதை அமைதிப்படுத்தும் என்றார்கள் மற்றவர்கள். இடையிடையே வருகிற குரல் முதன்மை ஒருங்கிணைப்பாளர் தண்டாயுதபாணியின் குரலாகவே இருக்கட்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். 'உங்கள் அவசரம் எங்களுக்கு முக்கியம். இணைப்பைத் துண்டிக்காதீர்கள்' என்று அவர் ஏற்கெனவே பேசிப் பதிவு செய்திருந்தார்.

தண்டாயுதபாணி நெற்றி நிறைய விபூதியும் நிதானமான பேச்சும் உள்ளவர். கதவைத் தள்ளி வந்தவர் மேல் அவர் கோபப்படவில்லை. கூட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து தொலைபேசி அறைக்கே வந்தார். விளக்குச் சுவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாமே எரியுது."

"ஆமாங்க சார்," என்றாள் சந்திரம்மாள்.

"அப்ப விஷயம் ஒண்ணும் இல்ல." அவர் வர்த்தமானன் தோளில் கை வைத்தார். "பெரியவரே, முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். உண்மையான ஆபத்துன்னா ரெண்டு வெளக்கு எரியும், மூணு வெளக்கு எரியும். அறுநூத்திப் பன்னெண்டும் எரிஞ்சா அது சுவிட்ச் கோளாறு. இந்த நாட்டுல விபத்துனால செத்தவங்கள விட பதற்றத்துனால செத்தவங்கதான் ஜாஸ்தி. நாங்க இங்க உக்காந்திருக்கறதே பதறாம இருக்கத்தான். ஒன்பது வருஷமா ஒரு தடவகூட நாங்க பதறினதில்ல. அதுக்கு விருதுகூட வாங்கியிருக்கோம்." அறிவுச்செல்வன் பக்கம் திரும்பி, "எலெக்ட்ரீஷியன வரச் சொல்லுங்க. பல்பெல்லாம் செக் பண்ணணும்" என்றார்.

சந்திரம்மாள் காதில் இருந்த ரிசீவரிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். சுருதிக்குச் சின்ன வயசில் ஆஸ்துமா இருந்தது. அந்த இருமலோடு எத்தனையோ தடவை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். எத்தனை பேர் இருமினாலும் அது அவருக்குத் தெரியும்.

அவர் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதை சந்திரம்மாள் பார்த்துவிட்டாள். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், யாரையும் பார்க்காமல், இருப்புப் பட்டியல் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

"சார், அந்தப் பொட்டிக்குப் பூட்டு இல்ல. போன வருஷமே ஒடஞ்சிடுச்சு. புதுப் பூட்டுக்கு எழுதியிருக்கோம், இன்னும் வரல."

வர்த்தமானன் நாலு எட்டு நடந்தார். கண்ணாடியைத் தூக்கினார். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். கையை எடுக்கவில்லை.

ஒரு சத்தமும் வரவில்லை. இங்கே எப்படி வரும்? நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் ஊதினதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. பொத்தானுக்கு மேலே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.  அறிவுச்செல்வன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினொன்னு இருபத்தி மூணு. எழுதிக்கங்க. ஒப்புகை எண் இல்லாம" என்றார்.

"பெரியவரே, இதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்றார் தண்டாயுதபாணி. அவர் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் பதறியது.

வர்த்தமானன் வாசலுக்கு ஓடினார்.

சக்கரவர்த்தி கூண்டுக்கு வெளியே நின்றிருந்தார். போன் அவர் காதில் இருந்தது. எடுக்கக் கூடாது என்று அவருக்கு விதி உண்டு, எடுத்திருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

"பெரியவரே, இப்பத்தான். இப்பத்தான் கட்டாச்சு."

வர்த்தமானன் போனைப் பிடுங்கி, "சுருதி, சுருதி" என்றார். அதில் ஒன்றும் இல்லை. திரும்ப அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பொட்டிக்குள்ள வெச்சிருந்தேன்," என்றார் சக்கரவர்த்தி. "அப்பா, அப்பான்னு கூப்புட்டுச்சு. தாங்கல, எடுத்துட்டேன். அப்பா உள்ள போயிருக்காரும்மான்னேன். நீங்க யாருண்ணான்னு கேட்டுச்சு. சொன்னேன்.  அப்புறம் திடீர்னு, கேக்குதுண்ணா, சங்கு கேக்குதுண்ணா அப்படின்னுச்சு. கேமராவுல தெரியுது, டீச்சருங்க பசங்கள உள்ள கூட்டிட்டுப் போறாங்கன்னுச்சு. சிரிச்சுச்சு பெரியவரே. அப்பாகிட்ட சொல்லிடுங்க, நான் கெளம்பறேன்னு சொல்லுங்கன்னுச்சு. அதுக்கப்புறம் இருமல்தான்."

அவள் கிளம்பித்தான் இருந்தாள். கட்டுப்பாட்டு அறைக்கும் வெளி வாசலுக்கும் நடுவே இரண்டு கதவு. இரண்டாவது கதவருகே, புகைக்குள் கிடந்தாள்.

சவப்பெட்டியை மூடியே கொடுத்தார்கள். திறக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது, ஆலை வளாகத்திலேயே அடக்கம், குடும்பத்தில் இரண்டு பேர் வரலாம் என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. குணமதி பெட்டியின் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று கேட்டாள். உடன் வந்த அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது குறிப்பிடப்படவில்லை என்றார். அவள் நடுவில் கை வைத்துக்கொண்டு பஞ்சமந்திரம் சொன்னாள்.

பதினாறாம் நாள் ஆழிக்குப்பத்திலிருந்து ஆராயி என்ற மீன்காரம்மா மூன்று பஸ் மாறி வந்தாள். தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். மீன் விற்கிற கை, நயினார் வீட்டுக்குள் வரலாமோ கூடாதோ என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்து குணமதியே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.  "எம் பேத்தி ரெண்டு பேரு அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கறாங்கம்மா" என்று மட்டும் ஆராயி சொன்னாள். சாயந்தரம் வரை இருவரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

விசாரணைக்கு வேங்கிக்கால் மையத்திலிருந்து கடிதம் வர மூன்று மாதம் ஆனது. விசாரணைக் குழுவின் உறுப்பினர்-செயலராகத் தண்டாயுதபாணியே நியமிக்கப்பட்டிருந்தார். நடந்ததை நேரில் அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சக்கரவர்த்தியை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். சந்திரம்மாளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பொத்தான் பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்திருந்தது.

"வாங்க, உக்காருங்க," என்றார் தண்டாயுதபாணி. "வரைவு அறிக்கைய உங்களுக்குப் படிச்சுக் காட்டலாம்னுதான். பாருங்க, சிவப்பு போன் மூணாவது மணியிலயே எடுக்கப்பட்டிருக்கு. ஐம்பத்திரண்டு நிமிஷம், ஒரு நொடிகூட இணைப்புத் துண்டிக்கப்படல. ஒலித் தெளிவு நூத்துக்கு நூறு. வெளிநாட்டுல எல்லாம் விபத்துன்னா மொதல்ல போன்தான் செத்துப்போகும். நம்ம போன் கடைசி வரைக்கும் உயிரோட இருந்திருக்கு. ஒரு பாராட்டுப் பரிந்துரையே எழுதியிருக்கேன்."

தண்டாயுதபாணி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"குறைன்னு பாத்தா ரெண்டுதான். ஒண்ணு, அனுமதி இல்லாம சங்கு ஊதினது. உங்க வயச உத்தேசிச்சு அதக் கருவிக் கோளாறுன்னு போட்டுட்டேன். இன்னொண்ணு, உங்க பொண்ணு கேன்டீன் போன்ல சொந்தப் பேச்சு பேசினது. அத அடிக்குறிப்புலதான் போட்டிருக்கேன். இறந்தவங்க மேல ஒரு மரியாதை வேணும் பாருங்க."

அவருக்கு அடுத்த கூட்டம் இருந்தது. கோப்பை அறிவுச்செல்வனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அறிவுச்செல்வன் மூன்று மாதத்தில் இளைத்திருந்தார். வர்த்தமானன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஒரு சான்று மட்டும் வேணுங்க ஐயா. சிவப்பு போன்ல பேசினது அவங்கதான்னு ரத்த உறவு ஒருத்தர் குரலக் கேட்டு அடையாளம் சொல்லணும். ஒரு பகுதி போட்டுக் காட்டறேன். ரெண்டு நிமிஷம். ரகசியப் பதிவு, அதனால இங்கதான் கேக்க முடியும். நகல் தர முடியாது."

அவர் மேசை மேல் இருந்த கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

முதலில் அலாரங்களின் முனகல் வந்தது. பிறகு அவள்.

'ஆழிக்குப்பம் கட்டுப்பாட்டு அறை. சுருதி பேசறேன். இது ஒத்திகை இல்ல. இது ஒத்திகை இல்ல.' தண்டாயுதபாணியின் குரல், அவசரம் எங்களுக்கு முக்கியம் என்றது. மறுபடி அவள், பக்கத்தில் யாரிடமோ: 'சுதீர் சார், நீங்க போங்க. மாஸ்க்க நீங்க போட்டுக்கங்க, உங்களுக்குத்தான் பிரஷர் இருக்கு. நான் லைன்ல இருக்கேன், வந்துடறேன்.' கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு மெதுவாக, போனுக்குள்: 'அக்கா, அழாதீங்கக்கா. உங்க தப்பு இல்ல. எங்கப்பா வந்துட்டு இருக்காரு. அவரு வந்துடுவாரு.'

கருவி நின்றது.

அறிவுச்செல்வன் படிவத்தை நகர்த்தி வைத்தார். "இது உங்க மகள் குரல்தானுங்களே?"

வர்த்தமானன் படிவத்தைப் பார்த்தார். பொய் சொல்வதில்லை என்று பன்னிரண்டு வயசில் கோயிலில் எடுத்த விரதம் அவருக்கு உண்டு. மாடு விற்கும்போதுகூட அதன் குறையைச் சொல்லித்தான் விற்பார்.

"சரியாத் தெரியலைங்க," என்றார்.

அறிவுச்செல்வன் நிமிர்ந்தார்.

"இரைச்சலா இருக்குதுங்க. இன்னொரு தடவ போட முடியுமா?"

"போடலாம். விதியில மூணு தடவ வரைக்கும் எடம் இருக்கு."

மறுபடி போட்டார். 'சுதீர் சார், நீங்க போங்க.' வர்த்தமானன் கருவிக்கு அருகில் குனிந்து, காதைச் சாய்த்துக்கொண்டார். 'எங்கப்பா வந்துட்டு இருக்காரு.'

"இப்ப?"

"தெரியலைங்க."

மூன்றாவது தடவை போட்டார். இந்தத் தடவை ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.  அறிவுச்செல்வன் வர்த்தமானனுடைய முகத்தைப் பார்த்தார், முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தெரியலைங்க ஐயா," என்றார் வர்த்தமானன்.

அறிவுச்செல்வன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, 'அடையாளம் உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப அடுத்த அமர்வுக்கு வரணுங்க. மாசம் ஒரு அமர்வு. அடையாளம் தெரியற வரைக்கும் கூப்பிடணும்னுதான் விதி."

"எத்தனாம் தேதிங்க?"

"பதினாலு. காலையில பத்தரை."

வர்த்தமானன் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் தேதியை எழுதிக்கொண்டார். எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பி நின்றார்.

"அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வரலாங்களா? அவளுக்குக் காது என்னைவிட நல்லாக் கேக்கும்."

"ரத்த உறவுதானே," என்றார் அறிவுச்செல்வன். "கூட்டிட்டு வாங்க."